மகளின் முள்ளந்தண்டு வளைவு: எலும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை

விசுவமடு அம்மா:

மகளுக்கு இப்போது 13 வயது. போன வருடம் பெரியபிள்ளையானாள். சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைக்க அளவெடுத்த தையல்கார அக்காதான் முதலில் கண்டவர். "பிள்ளை, நேரா நில்" என்று மூன்று தரம் சொன்னார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "வலப்பக்கத் தோள் ஏறி நிக்குது தங்கச்சி. போன தவணை பள்ளிச் சட்டை தைக்கேக்கையும் கரை ஒரு பக்கம் தூக்கினது, நான் என்ர வெட்டுத்தான் பிழையெண்டு நினைச்சிட்டன்" என்றார். ஒவ்வொரு நாள் காலையும் நான் தலை இழுத்துவிடுகிற பிள்ளை. எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. புத்தகப் பை பாரம், ஒரு பக்க இடுப்பில் அவள் தூக்கிய தண்ணீர்க் குடம், குனிந்திருந்து படித்தது என்று எல்லாவற்றிலும் என்னில்தான் பிழை கண்டேன். முதலில் காட்டிய இடத்தில் "கூனி நிக்கிறாள், நிமிர்ந்து நடக்கச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஊரார் சொல்லி ஒரு முறிவு நெறிவு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு. இப்படியே 5 மாதம் போய்விட்டது. கடைசியாக யாழ்ப்பாணத்தில் ஒரு எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயில் கோடு கீறிக் கோணம் அளந்தார். 29 பாகை.

அவர் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். பையும் குடமும் இந்த வளைவைக் கொண்டுவருவதில்லை. 10 பாகைக்கு மேல் போனால் ஸ்கோலியோசிஸ் என்பார்கள், பதின்ம வயதில் 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்கு இருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. ஆண்பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் கூடிக்கொண்டு போவது பெண்பிள்ளைகளில்தான் அதிகம். பிள்ளை திடீரென்று உயருகிற காலம்தான் ஆபத்தான காலம். மாதவிடாய் வருவதற்கு முந்திய வருடத்தில்தான் உயரம் மிக வேகமாகக் கூடுமாம், அதற்குப் பிறகும் 2 வருடம் அளவில் வளர்ச்சி இருக்குமாம். இடுப்பெலும்பின் மேல்விளிம்பை எக்ஸ்ரேயில் காட்டி, "இது இன்னும் முற்றேல்லை, வளர இடமிருக்கு" என்றார். நாங்கள் கை நழுவவிட்ட 5 மாதம் எப்படிப்பட்ட 5 மாதம் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்டதைத்தான் இங்கே எழுத வந்தேன். "பிள்ளை என்ன சாப்பிடுறவ? வெயிலில எவ்வளவு நேரம் நிக்கிறவ?" நான் திகைத்துப் போனேன். முதுகு வளைந்ததற்கும் சாப்பாட்டுக்கும் என்ன? ஹொங்கொங்கில் இப்படியான பெண்பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு வளைவு கூடும் வாய்ப்பு அதிகம் என்று 2005 இல் எழுதினார்கள். இந்த வளைவு உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 3 பேரில் ஒருவருக்கு எலும்பு அடர்த்தி குறைவு.

எனக்கு அது வீட்டுத்திட்டத்துக்குச் சீமெந்துக் கல் அரிந்த நாட்களை வைத்துத்தான் விளங்கியது. அரிந்த கல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் விட்டு இறுகவைக்காமல் அவசரத்தில் அடுக்கினால், பாரம் கூட விழுகிற பக்கம் நசியும். வளர்த்திக் காலத்தில் எலும்பு நீளுகிற வேகத்துக்கு உள்ளே கல்சியம் போய்ச் சேருவதில்லை, கொஞ்சக் காலம் அது இறுகாத கல்தான். முள்ளந்தண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் உள்வளைவுப் பக்கத்தில் பாரம் கூடும். பாரம் கூடிய பக்கத்தில் எலும்பு வளர்வது குறையும், மற்றப் பக்கம் வளர்ந்துகொண்டே போகும். முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஆகிவிடும். அது வளைவை இன்னும் கூட்டும்.

மகளுக்கு இரத்தத்தில் விற்றமின் டி குறைவு என்று வந்தது. வன்னி வெயிலில் எப்படி என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தால் காலையில் ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்ப ரியூசன். பிள்ளை வெயிலையே காணவில்லை. சாப்பாட்டில் இரண்டு வேளையும் தேத்தண்ணியும் பாணும். இந்த வயதில் நாளுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும், ஒரு கிளாஸ் பாலில் 240 அளவில்தான் இருக்கிறது. சாமத்தியப்பட்டபோது அம்மம்மா நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்தா, "இடுப்பெலும்பு பலக்கும்" என்று. பலக்க வேண்டிய வயது எது என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கல்சியம் எள்ளில்தான் இருக்கிறது, பிழிந்த எண்ணெயில் இல்லை. இப்போது வீட்டில் எள்ளுருண்டை, குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, முள்ளோடு நெத்தலி. மருத்துவர் தந்த குளிசையும் போகிறது. "இதால வளைவு நிமிராது அம்மா, எலும்பு பலக்கத்தான். வளைவைப் பிடிக்கிறது பிரேஸ்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிரேஸ் என்றால் உடம்பைச் சுற்றி இறுக்கிப் போடுகிற கவசம். அதையும் எழுதிவிடுகிறேன், யாரும் பிரேஸை விட்டுவிட்டுக் குரக்கனை நம்பிவிடக் கூடாது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அக்கா, இதை வாசித்தபிறகு போன கிழமைப் பெற்றோர் கூட்டத்தில் 6 முதல் 9 ஆம் வகுப்பு வரைப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு விசயம் சொன்னேன். வீட்டில் பிள்ளையைச் சட்டை இல்லாமல் முதுகு தெரிய நிற்கவைத்து, கால் இரண்டும் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கை இரண்டையும் கூப்பிக் கீழே குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மற்றப் பக்கத்தைவிட உயர்ந்து நின்றால் காட்டவேண்டும். அவ்வளவுதான், ஒரு நிமிட வேலை. நான் என் கையால் பார்ப்பதில்லை, பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். ஆனால் வரிசையில் நிற்கும்போது ஒற்றைச் சடை நடுமுதுகில் விழாமல் ஒரு பக்கம் தள்ளி விழுகிறதா என்று இப்போது கண் தானாகப் பார்க்கிறது. ஒரு பிள்ளையின் தாய் நேற்று அழைத்தா. கிளிநொச்சிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

பூவரசு:

நான் எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2009 இல் எனக்கு 12 வயது. நான் உயர்ந்த காலம் போரில் பங்கரிலும் பிறகு வவுனியா மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்திலும் போனது. கடைசி மாதங்களில் கஞ்சி கிடைத்தால் சாப்பாடு. முகாமில் குளிப்பது சனத்துக்கு நடுவில், எப்போதும் குறுக்குக்கட்டோடுதான். அம்மா என் முதுகைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். பட்டினியால்தான் வளைந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் எனக்குச் சொல்லவுமில்லை. பார்க்க ஒருவரும் இருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

கண்டுபிடித்தது 16 வயதில், 56 பாகை. பிரேஸுக்குக் காலம் கடந்துவிட்டது. 50 பாகைக்கு மேல் போனால் வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கூடும் என்றார்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை, முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் கம்பி. அதற்கு முதல் எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், என் வயதுப் பிள்ளைகளைவிட நன்றாகக் குறைவு. திருகாணி பிடிக்க எலும்பு வேண்டும் என்று சொல்லி, சில மாதம் மருந்தும் சாப்பாடும் தந்து பொறுத்துத்தான் செய்தார்கள். இப்போது எனக்கு ஒரு மகள். 4 வயது. ஒவ்வொரு நாளும் நானே குளிப்பாட்டி முதுகைத் துடைக்கிறேன்.

மல்லாவி:

என் தங்கைச்சிக்கு 27 பாகை, பிரேஸ் தந்திருக்கிறார்கள். இந்த வெக்கையில் போடமாட்டேன் என்று அழுகிறாள். எத்தனை மணித்தியாலம் கட்டாயம்?

விசுவமடு அம்மா:

தம்பி, எங்களுக்கு 18 மணித்தியாலம் சொன்னார்கள். 2013 இல் வந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 வீதமானோர் 50 பாகையை எட்டாமல் வளர்ந்து முடித்தார்கள், போடாதவர்களில் 48 வீதம். நாளுக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் போட்டவர்களில் 10 பேரில் 9 பேர் தப்பினார்கள். மகளுக்கு அந்தக் கணக்கைக் காட்டித்தான் சம்மதிக்கவைத்தேன். 13 மணித்தியாலமாவது தவறக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். பின்னேரம் 4 மணிக்குப் போட்டால் காலை 6 மணிக்குக் கழற்றுவாள், அதுவே 14. விடுமுறை நாளில் பகலிலும் போடுவாள். உள்ளே தையல் மடிப்பில்லாத பருத்திப் பெனியன் போடுங்கள், மடிப்பு இருந்தால் தோல் புண்ணாகும். வேர்த்தவுடன் மாற்ற 4, 5 வேண்டும். வலைப்பந்து விளையாடக் கழற்றலாம் என்றார் மருத்துவர், துள்ளி ஓடினால்தான் எலும்பு பலக்குமாம். அதைச் சொன்ன பிறகுதான் என் பிள்ளை சிரித்தாள். எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் முதுகுப் பக்கத்தால் வரும்படி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மார்பில் படுவது குறையும்.

போன மாத எக்ஸ்ரேயில் 31 பாகை. ஐந்து பாகைக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கூடியதென்று எடுப்பதில்லை, அளக்கிற கையிலேயே அவ்வளவு பிசகுமாம். அதற்குள் 3 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டாள், பிரேஸ் இறுக்குகிறது. திங்கட்கிழமை புதிதுக்கு அளவு கொடுக்கப் போகிறோம். தங்கைச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, இரண்டு பேரும் கதைத்துக்கொள்ளட்டும்.