கொலம்பைன் விதைக்கு ‘ஈரக்குளிர்’: கலைச்சொல் விவாதம்

ஐயா, வணக்கம்.

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்காகக் கொலம்பைன் என்ற பூச்செடியின் விதை வளர்ப்புக் குறிப்பு தயாராகிறது. ‘கோல்டு ஸ்டிராட்டிஃபிகேஷன்’, அதாவது முளைக்காமல் உறங்கும் விதையை ஈரத்தோடு குளிரில் வைத்து அந்த உறக்கத்தைக் கலைப்பது, என்ற சொல்லில் வேலை நின்றுவிட்டது. இதுவரை வந்தவை: அடுக்குப்படுத்தல், குளிரூட்டல், முளைகட்டல். மூன்றாவது நம் அடுப்படிச் சொல் என்பதால் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. உங்கள் கருத்து?

—

தம்பி, வணக்கம்.

முளைகட்டல் அருமையான சொல், ஆனால் இந்த வேலைக்கு நேர்மாறானது. பச்சைப்பயற்றை ஈரத்துணியில் கட்டினால் மறுநாள் முளை எட்டிப் பார்க்க வேண்டும். கொலம்பைன் விதை குளிரில் இருக்கும்வரை முளைக்கவே கூடாது. முளைத்தால் நூல்போன்ற வெள்ளை வேர் காகிதத்தில் பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போது அறுந்துவிடும்.

அடுக்குப்படுத்தலும் வேண்டாம். ஈரமணல் ஒரு படலம், விதை ஒரு படலம் என்று பெட்டியில் அடுக்கிக் குளிர்காலம் முழுக்க வெளியே வைத்த பழைய ஐரோப்பிய முறையிலிருந்து ஆங்கிலப் பெயர் வந்தது. இன்று அடுக்கு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

குளிரூட்டல் என்றால் ஏர்கோன்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய கேடு, காய்ந்த விதைப் பொட்டலத்தை அப்படியே ஐஸ்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அது சேமிப்பு, விதை உறக்கம் கலையாது. விதை நீரை உறிஞ்சியிருந்தால்தான் குளிர் வேலை செய்யும். ஆகவே சொல்லுக்குள் ஈரம் இருந்தே ஆகவேண்டும்.

என் பரிந்துரை: ஈரக்குளிர். ‘ஈரக்குளிரில் வை’, ‘நான்கு வாரம் ஈரக்குளிர் கொடு’ என்று வினையோடு இயல்பாகச் சேர்கிறது. பியோனி போன்ற பூச்செடிகளின் விதைக்கு முதலில் வெதுவெதுப்பும் பிறகு குளிரும் வேண்டும்; அந்த முதல் கட்டத்தை ஈரவெதுப்பு எனலாம்.

குறிப்பில் போட்டுப் பார்ப்போம்:

“சமையல் டிஷ்யூவை நனைத்து, சொட்டு விழாதபடி பிழியவும். விதைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி மடித்து, ஜிப் பையில் இட்டுத் தேதி எழுதவும். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில், 4–5 பாகை செல்சியஸில், 3 முதல் 4 வாரம் ஈரக்குளிரில் வைக்கவும்; உறைபெட்டியில் வேண்டாம். வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்கவும். பூஞ்சணம் பிடித்தால் ஈரம் மிகுதி. ஒரு விதையில் வெள்ளை நுனி தெரிந்தாலும் எல்லாவற்றையும் அன்றே விதைக்கவும். விதைமேல் மண் மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்கு முளைக்கும். விரலால் அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால் இரண்டு மில்லிமீட்டர் விதை ஓரத்துக்கு ஓடிவிடும், தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து ஏற்றவும்.”

கொலம்பைன் விதை நச்சுள்ளது. ஐஸ்பெட்டியில் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறோம், பையில் ‘உண்ணக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இதோடு தீர்த்துவிட வேண்டும். விதைக்குக் கொடுத்த குளிர் முளைப்பதற்கு மட்டுமே. பூப்பதற்கு, வளர்ந்த செடிக்கே தனியாகப் பல வாரக் குளிர் வேண்டும்; அதற்குத் தட்பப்பதனம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், இலை தளதளவென்று வளர்ந்தும் பூக்காத செடியைப் பார்த்து விதையைக் குறை சொல்வார்கள்.

—

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு தடை. கேமரன் மலையே ஈரமும் குளிருமான ஊர். ‘ஈரக்குளிரில் வை’ என்றால் விதைத்தட்டைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வைத்துவிடுவார்களே? இங்கே இரவில்கூடப் பெரும்பாலும் 15 பாகை அளவில்தான் இருக்கிறது.

—

நல்ல கேள்வி, தம்பி. சொல்லை மாற்ற வேண்டாம், எண்ணைச் சேர்ப்போம். ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் வரும் இடத்தில் ‘5 பாகை ஈரக்குளிர்’ என்று எழுதுங்கள். பிறகு வரும் இடங்களில் ஈரக்குளிர் மட்டும் போதும்.