புது நாட்டில் யூடி வேலையா? முதலில் கெயினைக் கவனியுங்கள்

வெளிநாட்டில் யூடி (மீயொலியை அனுப்பி வெல்டுக்குள் குறை தேடும் சோதனை) டெக்னீஷியனாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். கருவியும் பழகியதுதான். ஆனால் அந்த வேலைக்கு எந்தக் கோட் (சோதனை விதித்தொகுப்பு) என்பது மாறியிருக்கும், கெயின் (திரும்பி வரும் எக்கோவைத் திரையில் பெரிதாக்கும் அளவு) வைக்கும் முறையும் அதோடு மாறும்.

நான் வந்த முதல் மாதத்தில் நடந்தது இது. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கோட்) வேலை. ஸ்கேனிங்குக்காக ரெஃபரன்ஸுக்கு (மாதிரி பிளாக்கில் வைத்துக்கொண்ட அடிப்படை கெயினுக்கு) மேல் 6 டெசிபெல் ஏற்றியிருந்தேன். ஒரு வெல்டில் எக்கோ திரை உயரத்தில் 90 சதவீதத்துக்கு எழுந்தது. டிஏசி (தூரத்துக்கேற்ப எக்கோவை ஒப்பிடும் வளைவு) அந்த இடத்தில் 70. தாண்டிவிட்டது என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அந்த 6 டெசிபெலை இறக்கினார். எக்கோ 45-இல் நின்றது. 6 டெசிபெலுக்கு உயரம் இரண்டு மடங்கு என்பது தெரிந்த கணக்குதான், ஆனால் புது இடத்துப் பதற்றத்தில் கை மறந்துவிட்டது. தேடுவது ஏற்றிய கெயினில், அளப்பது ரெஃபரன்ஸ் கெயினில். அதற்காக 45-ஐ அப்படியே விட்டுவிடவும் கூடாது. ரெஃபரன்ஸ் கெயினில் டிஏசியின் 20 சதவீதத்துக்கு மேல் வந்தால் அது என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். விரிசலோ ஃபியூஷன் குறையோ (உலோகம் உருகி ஒட்டாத இடம்) என்றால் எக்கோ சிறியது என்பது சமாதானமாகாது.

ஏடபிள்யூஎஸ் டி1.1 (அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் எஃகுக் கட்டமைப்புக் கோட்) வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. அங்கே எக்கோவை ரெஃபரன்ஸ் உயரத்துக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட கெயினிலிருந்து ரெஃபரன்ஸ் கெயினையும், தூரத்துக்கான கழிவையும் கழிப்பார்கள். தூரக் கழிவு, ஒலிப்பாதை அங்குலத்தில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் வருவது. கிடைக்கும் எண் குறையக் குறையக் குறைபாடு மோசம். டிஏசி பார்த்தே பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். நான் முதல் சில நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கையில் எழுதினேன்.

அப்புறம் மேற்பரப்பு. மாதிரி பிளாக் பளபளவென்று இருக்கும், வேலைத் தகடு அப்படி இருக்காது. வெல்ட் யூடிக்கான ஐஎஸ்ஓ 17640-இல் இந்த வித்தியாசம் 2 டெசிபெல் வரை இருந்தால் திருத்தம் வேண்டாம். அதற்கு மேல் 12 வரை கெயினில் ஈடு செய்ய வேண்டும். 12-ஐத் தாண்டினால் கெயினை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். காரணத்தைத் தேடி, பரப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். புது ஆள் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

கருவியை உங்களுக்கு முன் யாராவது பயன்படுத்தியிருந்தால் ரிஜெக்ட் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஏறியிருந்தால் சின்ன எக்கோக்கள் திரைக்கே வராது. பிறகு 80 சதவீதத்தில் ஓர் எக்கோவை நிறுத்தி 6 டெசிபெல் குறைத்துப் பாருங்கள், 40 பக்கம் வர வேண்டும். ஏஎஸ்எம்இ-யில் 32 முதல் 48 வரை ஏற்பார்கள். அதற்கு வெளியே போனால் அந்தக் கருவியோடு வேலையைத் தொடங்காதீர்கள்.