தீயணைப்பு பைக் வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?

கரிமேட்டுக்காரன்
ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வந்துவிட்டால், ஏதாவது ஓர் ஊரின் சிவப்பு பைக் படம் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. முதுகில் தொட்டி, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு பீச்சுக்குழல், பக்கத்தில் ரிப்பன் வெட்டும் பிரமுகர். எங்கள் மதுரைச் சந்துகளுக்குள் தீயணைப்பு லாரி நுழையாது என்பது உண்மைதான். ஆனால் பத்து லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு எதை அணைப்பது? நிஜத் தீயில் இது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதுங்கள். எந்த ஊரானாலும் சரி. கேள்விப்பட்ட கதைகள் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் வாசி
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கில், எனக்கு இரண்டு மாடி கீழே, ஒரு வீட்டார் பொது நடைபாதையில் பழைய சோபாவையும் அட்டைப்பெட்டிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்கவில்லை. ஓர் இரவு அது பற்றிக்கொண்டது. எப்படி என்று யாருக்கும் தெரியாது, சிகரெட்டாக இருக்கலாம்.

995-க்கு அழைத்துவிட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கினோம். முதலில் வந்து நின்றவை ஸ்கூட்டர்கள். பியாஜியோ எம்.பி.3 என்று பெயர், முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஓட்டி வந்தவர்களின் உடையைப் பார்த்த பிறகுதான் குடிமைத் தற்காப்புப் படை, அதாவது இங்கே தீயணைக்க வருகிறவர்கள், என்று புரிந்தது. பேட்டைக்குள்ளேயே சிறு தீயணைப்பு நிலையங்கள் உண்டு, அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவர்களில் ஓர் இளைஞர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது வியப்பாக இருந்தது. மின்தூக்கியைத் தொடவே இல்லை. நுரைத் தொட்டியை முதுகில் மாட்டி, தோள்பட்டையோடு தொங்கும் அழுத்தமானியை ஒருமுறை பார்த்துக்கொண்டு படியேறினார். நான் அடுத்த புளோக்கின் நடைபாதையிலிருந்து பார்க்கிறேன்: எரிகிற சோபாவின் மேல் அவர் அடிக்கவில்லை! இன்னும் பற்றாமல் இருந்த பெட்டிகளின் மேலும் பக்கத்து வீட்டுக் கதவின் மேலும்தான் முதலில் நுரையைப் பூசினார். முகச்சவர நுரை மாதிரி அது கதவில் வழியாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பிறகே சோபா. தீ அமுங்கியது, ஆனால் பஞ்சுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. அவர் அதைக் கிளறப் போகவில்லை. பின்வாங்கி நின்று வாக்கி டாக்கியில் பேசினார். பிறகு வந்த ரெட் ரைனோ குழு, அதாவது குறுகலான சிறிய தீயணைப்பு வண்டியில் வருகிறவர்கள், சோபாவைக் கொக்கியால் கிழித்து நனைத்து முடித்தார்கள்.

கேட்டீர்களே, பத்து லிட்டரால் என்ன என்று. அந்த வீட்டுக் கதவு பற்றவில்லை. உள்ளே ஒரு பாட்டி இருந்தார்.

எர்ணாகுளத்தில் ஒரு தமிழன்
வைட்டிலா சந்திப்பில் மேம்பாலம் திறப்பதற்கு முந்தைய காலம். அந்த நெரிசலில் சிக்கியவர்களுக்குத் தெரியும், ஆம்புலன்ஸே அழுதுகொண்டு நிற்கும். எனக்கு நாலைந்து வண்டி முன்னால் ஒரு காரின் பானெட்டிலிருந்து புகை. தீயணைப்புத் துறையின் புல்லட் ஒன்று எதிர்ப்பக்கத்து ஓரமாக நெளிந்து வந்தது. கார்க்காரர் பதற்றத்தில் பானெட்டைத் தூக்கப் போக, வீரர் அவர் கையைத் தட்டிவிட்டு மலையாளத்தில் சத்தம் போட்டார். முழுதாகத் திறந்தால் காற்று புகுந்து குபீரென்று பிடிக்குமாம். கொக்கி விடுபட்ட அந்த விரலகல இடைவெளியில் குழலை நுழைத்து நீர்ப்பனியை அடித்தார். வெள்ளையாக ஆவி கிளம்பியது, அவ்வளவுதான். லாரி வந்தபோது கார் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்தது.

ஓய்வு பெற்ற நிலைய அலுவலர்
இரண்டு அனுபவங்களும் சரியாகவே இருக்கின்றன, அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் சண்டைக்கு வந்திருப்பேன்.

எங்கள் நீர்தாங்கி வண்டியில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். அதையே சில நிமிடங்களில் காலி செய்துவிட்டு அடுத்த வண்டியை எதிர்பார்த்து நின்றிருக்கிறோம். 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை பற்றியது நினைவிருக்கும். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது, கடைசியில் கட்டடத்தையே இடித்தார்கள். அங்கே நூறு பைக் நின்றாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஓலைக் குடிசை காற்றோடு பிடித்தாலும் அப்படியே. பைக்கில் ஏணி வராது. மூச்சுக் கருவி வந்தாலும், தனி ஆள் புகைக்குள் நுழையக்கூடாது.

நான் பணியில் இருந்த நிலையத்தில் இந்த வண்டி கிடையாது. ஆனாலும் ஒருமுறை பைக்கில்தான் போய்ச் சேர்ந்தேன். தேர்த் திருவிழா நாள். கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் காஸ் சிலிண்டர் எரிகிறது என்று அழைப்பு. கூட்டத்தில் வண்டி நகரவில்லை. எங்கள் தீயணைப்பாளர் ஒருவர் தெருவில் தெரிந்தவரின் பைக்கை வாங்கினார். நான் பின்னால் உட்கார்ந்து உலர் ரசாயனப் பொடி உருளையை மடியில் அணைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் சமையல்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீரை வீசிச் சுடரை அணைக்கப் பார்க்கிறார்கள். வால்வை மூட வழியில்லாமல் சுடரை மட்டும் அணைத்தால், கசியும் வாயு அறை முழுக்க நிரம்பி அடுத்த பொறியில் வெடிக்கும். முதலில் ஆட்களை வெளியேற்றினோம். பொடியை ஒரே வீச்சாக அடித்ததும், கோணிச் சாக்கை ஈரம் சொட்டப் பிடித்துக்கொண்டு நின்ற நம் ஆள் பாய்ந்து வால்வைத் திருகிவிட்டார். வாக்கி டாக்கியில் சொன்ன பிறகு, கிளம்பவிருந்த இரண்டாவது வண்டி நிறுத்தப்பட்டது.

இதில் தண்ணீரே செலவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் முதலில் போய் நின்று, என்ன எரிகிறது, எத்தனை வண்டி வேண்டும், எந்தப் பக்கம் வழி என்று சொன்னாலே எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பைக்கை நான் மதிப்பது அதற்காக. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபத்தோடு: சந்துக்குள் எங்கள் லாரி நுழையாததற்கு முக்கால்வாசி காரணம் சந்தின் அகலம் அல்ல, இருபக்கமும் நிறுத்தி வைத்திருக்கும் உங்கள் பைக்குகள்.

நிஷி-கசாய் நண்பர்
டோக்கியோவில் நான் பார்த்தது நிஜத் தீ அல்ல, ஜனவரியில் நடக்கும் புத்தாண்டு தீயணைப்பு அணிவகுப்பு. விதியை மீறுகிறேன், மன்னிக்கவும். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் கோபே நகரம் எரிந்தபோது இடிந்த வீடுகள் தெருவை அடைத்துவிட்டன, தண்ணீர்க் குழாய்களும் உடைந்துபோயின. அதன் பின் 1997-இல் டோக்கியோ தீயணைப்புத் துறை ‘குவிக் அட்டாக்கர்’ என்ற பைக் அணியைக் கொண்டுவந்தது. மண் சாலையிலும் ஓடும் வகை பைக்குகள், எப்போதும் இரண்டிரண்டாக. ஒன்றில் அழுத்தக் காற்றால் தண்ணீரைச் சுடும் துப்பாக்கி, மற்றொன்றில் தீயணைப்பு உருளையும் மீட்புக் கருவிகளும். ஒரு சுடலுக்கு ஒரு லிட்டர்தான். ஆனால் ‘டப்’ என்ற சத்தம் நெஞ்சில் இடிக்கிறது, தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறிப் புகைமண்டலம் போல் போகிறது. அலுவலர் ஐயா சொன்ன ‘தனி ஆள்’ சிக்கலுக்கு இந்த ஜோடி ஏற்பாடு ஒரு பதில் என்று நினைக்கிறேன்.

கரிமேட்டுக்காரன்
ஐயா, லாரியை மறிக்கும் பைக்குகளில் என்னுடையதும் உண்டுதான். ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் இப்போது மின்சார ஸ்கூட்டர்களை வாசலிலேயே இரவெல்லாம் சார்ஜ் போடுகிறார்கள். அது பற்றினால் இந்தத் தொட்டி போதுமா?

ஓய்வு பெற்ற நிலைய அலுவலர்
போதாது. லித்தியம் பேட்டரி அணைந்த மாதிரி இருந்துவிட்டு மீண்டும் பற்றும். நிறையத் தண்ணீர் ஊற்றி நெடுநேரம் குளிர்விக்க வேண்டும். பைக்கில் வருகிறவர் சுற்றியுள்ளதை நனைத்து, ஆட்களைப் புகையிலிருந்து விலக்கி வைக்கலாம், அவ்வளவே. அதைவிட, ஸ்கூட்டரை வீட்டின் ஒரே வாசலை அடைத்து நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். பற்றினால் வெளியே வர உங்களுக்கு வேறு வழி இருக்காது.