ஷவர்ப்ரூஃப், அட்ரஸ் ப்ரூஃப், பத்திரிகை ப்ரூஃப்: இந்த ப்ரூஃப் எல்லாம் ஒன்றுதானுங்களா?

நூல்வண்டி (திருப்பூர்):
ஏனுங்க, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் விளக்குங்க. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். லண்டன் பையர் ஒருத்தர் விண்ட்சீட்டர் ஆர்டருக்கு டெக் பேக்கில் (துணி, அளவு, தையல் விவரமெல்லாம் எழுதி அனுப்புகிற ஃபைல்) ‘ஷவர்ப்ரூஃப்’ என்று போட்டிருக்கிறார். எங்கள் முதலாளி, ரெண்டும் தண்ணிக்குத்தானே, பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றே அடித்துவிடலாம் என்கிறார். துணிக்கு ஸ்ப்ரே டெஸ்ட் எடுத்தோம், 90 வந்திருக்கிறது. இதை மெயிலில் ‘ப்ரூவ்டு’ என்று எழுதுவதா ‘டெஸ்டட்’ என்று எழுதுவதா என்று ரெண்டு நாளாக ஆபீசில் பஞ்சாயத்து ஓடுகிறது.

இதற்கு நடுவில் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்கு பிரஸ்காரர் ‘ப்ரூஃப் பாத்து ஓகே சொல்லுங்க’ என்று வாட்ஸ்அப் அனுப்புகிறார், பேங்கில் போனால் அட்ரஸ் ப்ரூஃப் கேட்கிறார்கள், ஃப்ரெண்டு ஒருத்தன் டாஸ்மாக் பாட்டிலைக் காட்டி இதிலும் 75 டிகிரி ப்ரூஃப் என்று போட்டிருக்கு பாரு என்கிறான். இதெல்லாம் ஒரே சொல்தானா, இல்லை உச்சரிப்பு மட்டும் ஒன்றா?

ஓய்வு வாத்தியார் (கோபி):
கண்ணு, எல்லாம் ஒரே சொல்தான். லத்தீனில் ‘ப்ரோபாரே’ என்று ஒரு வினை. சோதித்துப் பார்ப்பதும் அதுதான், சோதித்த பிறகு சரி என்று ஏற்றுக்கொள்வதும் அதுதான். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போனபோது ரெண்டு பொருளும் சேர்ந்தே போயின. இன்றைக்குப் பேச்சில் நிரூபிப்பது என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது, சோதனை என்ற பழைய பொருள் மூலை முடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டதில் பாதி அந்த மூலை முடுக்குதான்.

பத்திரிகை ப்ரூஃபை எடுத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், கோத்து முடித்ததை கேலி என்கிற நீளத் தட்டில் வைத்து, உருளையால் மை தடவி, முதலில் ஒரே ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்கள். அந்தச் சோதனைத் தாள்தான் ப்ரூஃப், தமிழில் மெய்ப்பு என்கிறோம். எதையும் நிரூபிப்பதற்காக அதை எடுப்பதில்லை, தப்பைக் கண்டுபிடிக்கத்தான். குலதெய்வத்தின் பேர் சரியாக இருக்கிறதா, தாய்மாமன் பேர் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு முறைக்கு ரெண்டு முறை பாருங்கள், விட்டுப்போனால் மண்டபத்தில் வேறு பஞ்சாயத்து கிளம்பும்.

பாட்டில் கதையும் சோதனைதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சாராயத்தைத் துப்பாக்கி மருந்தில் ஊற்றிப் பற்றவைப்பார்களாம், அப்படியும் மருந்து பற்றிக்கொண்டால் சரக்கு ப்ரூஃப், இல்லாவிட்டால் தண்ணி எச்சா கலந்திருக்கிறது என்று அர்த்தம். பின்னாளில் அதற்கு அளவு வைத்தார்கள். பிரிட்டிஷ் கணக்கில் 100 டிகிரி ப்ரூஃப் என்றால் ஆல்கஹால் சுமார் 57.1 சதவீதம். நம் ஊர் பாட்டில் இன்னும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது, 75 டிகிரிக்கு 42.8 சதவீதம், லேபிளில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அமெரிக்காக்காரன் கணக்கு வேறு, சதவீதத்தை இரட்டித்தால் அவன் ப்ரூஃப். வெளிநாட்டு பாட்டிலைப் பார்த்துவிட்டு இது நம்மூர்ச் சரக்கைவிட ரொம்ப ஸ்ட்ராங் என்று சொல்கிற ஆட்கள் இதைக் கவனிப்பதே இல்லை. (நான் குடிப்பதில்லை, லேபிள் படிப்பதோடு சரி.)

அட்ரஸ் ப்ரூஃப் மட்டும் நிரூபிக்கிற வகை. லண்டன்காரருக்கு எழுதினால் ‘ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ்’ என்று எழுதுங்கள், அட்ரஸ் ப்ரூஃப், ஐடி ப்ரூஃப் எல்லாம் நம் நாட்டு இங்கிலீஷ். தப்பு என்று சொல்ல மாட்டேன், நம் ஊரில் எல்லா ஃபாரத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

பட்டறைக்காரன் (பீளமேடு):
வாத்தியார் சொன்னதில் வாட்டர்ப்ரூஃபை விட்டுவிட்டார். அதில் வருகிற ப்ரூஃப் தாக்குப்பிடித்த ப்ரூஃப். பழைய காலத்தில் கவசம் செய்தால் அடித்துப் பார்த்து, தாங்கினால் ப்ரூஃப் கவசம் என்று விற்பார்கள். அப்புறம் தீயைத் தாங்கினால் ஃபயர்ப்ரூஃப், குண்டைத் தாங்கினால் புல்லட்ப்ரூஃப் என்று வால் மாதிரி எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 1813 சட்டப்படி ஆரம்பித்த ப்ரூஃப் ஹவுஸ் இன்னும் இருக்கிறது. துப்பாக்கிக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுடுவார்கள், வெடிக்காமல் நின்றால் ப்ரூஃப் முத்திரை குத்துவார்கள்.

எங்கள் லைனில் இது தினப்படி வார்த்தை. பம்பு கேசிங்கை ரெண்டு பக்கமும் அடைத்து, தண்ணி நிரப்பி, ஓடுகிற பிரஷரைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். வார்ப்பில் பொடித்துளை இருந்தால் அந்த இடத்தில் முதலில் வியர்க்கும், அப்புறம் முத்து முத்தாகத் தண்ணி கோக்கும். அந்தப் பீஸ் தனியாகப் போய்விடும். பேச்சில் ஹைட்ரோ டெஸ்ட் என்போம், ட்ராயிங்கில் ப்ரூஃப் பிரஷர் என்று இருக்கும். போல்ட்டிலும் ப்ரூஃப் லோடு உண்டு. 8.8 கிரேடு போல்ட்டு இழுவையில் அறுந்துபோவது 800 மெகாபாஸ்கலுக்கு மேல், ஆனால் ப்ரூஃப் 600-ஐ ஒட்டித்தான். அதாவது அதுவரை இழுத்துவிட்டால் நீளாமல் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆக, ப்ரூஃப் என்று போட்டால் அதற்குப் பின்னால் ஒரு நம்பர் இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று அடித்தால் எவ்வளவு தண்ணிக்கு என்று பையர் கேட்பார்.

லேப் அக்கா (கோவை):
ஜவுளி டெஸ்டிங்கில் இருக்கிறேன், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ப்ரே டெஸ்டில் துணியை 45 டிகிரி சாய்த்து மாட்டி, 150 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லி தண்ணீரை ஷவர் மாதிரி ஊற்றி, தட்டிவிட்டு, மேல்பக்கம் எவ்வளவு நனைந்தது என்று படத்தோடு ஒப்பிடுவோம், அவ்வளவுதான். 90 என்றால் அங்கங்கே லேசாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அது ஏஏடிசிசி 22 என்கிற அமெரிக்க முறைக் கணக்கு, ஐஎஸ்ஓ 4920 என்கிற சர்வதேச முறையில் அதுவே கிரேடு 4. லண்டன் பையர் பெரும்பாலும் ஐஎஸ்ஓவில்தான் கேட்பார், ரிப்போர்ட்டில் எந்த முறை என்று பார்த்துவிட்டு எழுதுங்க.

துணிக்குள் தண்ணீர் புகுமா என்பதை இந்த டெஸ்ட் சொல்லவே சொல்லாது. அதற்கு ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட், ஐஎஸ்ஓ 811. துணியின் ஒரு பக்கம் தண்ணீர் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், மறுபக்கம் மூன்றாவது இடத்தில் சொட்டு எட்டிப் பார்க்கிறபோது அளவைக் குறிப்போம். அது இல்லாமல் வாட்டர்ப்ரூஃப் என்று அடிக்கவே அடிக்காதீங்க. துணி பாஸ் ஆனாலும் தையலில் டேப் ஒட்டவில்லை என்றால் ஊசித் துளை வழியாக உள்ளே வந்துவிடும். உங்கள் 90 துவைக்கும் முன்னாலா, பின்னாலா என்பதையும் பாருங்க, தண்ணீர் ஒட்டாமலிருக்கத் துணிக்குக் கொடுக்கிற அந்த ஃபினிஷ் துவைக்கத் துவைக்க இறங்கும்.

மெயிலுக்கு ‘ப்ரூவ்டு’ வேண்டாம். ‘டெஸ்டட் டு ஐஎஸ்ஓ 4920, கிரேடு 4, ரிப்போர்ட் அட்டாச்டு’ என்றால் போதும். ப்ரூவ்டு என்று சொன்னால் வழக்காடுகிற மாதிரி இருக்கும், டெஸ்டட் என்றால் இன்ன முறையில் பார்த்தோம், இன்னது வந்தது என்று முடிந்துவிடும்.

உரைகல் (வைசியாள் வீதி):
டெஸ்ட் என்ற சொல்லே எங்கள் தங்கம் வெள்ளித் தொழிலிலிருந்து போனதுதான், அதை யாரும் சொல்லவில்லையே! பழைய இங்கிலீஷில் டெஸ்ட் என்றால் தங்கம் வெள்ளியைப் புடம்போடுகிற சின்ன மண்குப்பி, லத்தீனில் ‘டெஸ்டும்’ (testum) என்றால் மண்சட்டி. இன்றைக்கும் ஹால்மார்க் சென்டரில் ஃபயர் அஸே என்றால் அதேதான். நகையில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, எடை போட்டு, வெள்ளியும் சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, எலும்புச் சாம்பல் மாதிரிப் பொருளில் செய்த குப்பியில் வைத்து உலையில் போட்டால், ஈயமும் செம்பும் குப்பிக்குள் உறிஞ்சப்பட்டுவிடும், தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு மணி மட்டும் நிற்கும். அதைத் தட்டி, நைட்ரிக் அமிலத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்துவிட்டு மிச்சத்தை எடை போட்டால் 916 தேறுகிறதா என்று தெரிந்துவிடும். ‘ஆசிட் டெஸ்ட்’ என்று பேப்பரில் அரசியல்வாதிக்கெல்லாம் எழுதுகிறார்களே, அதுவும் கல்லில் உரைத்து ஆசிட் விடுகிற எங்கள் வேலைதான்.

பின்பெஞ்ச் (ஈரோடு):
அப்போ ‘எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்பதிலும் ப்ரூவ் என்றால் சோதிப்பதுதானே? விதிவிலக்கு விதியைச் சோதிக்கிறது. காலேஜில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓய்வு வாத்தியார் (கோபி):
அப்படி நிறையப் பேர் சொல்லுவார்கள், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. அது லத்தீன் சட்ட வழக்கிலிருந்து வந்தது. விலக்கு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், விலக்காத இடத்தில் விதி இருக்கிறது என்று அதுவே உறுதி செய்கிறது. மஞ்சள் மண்டி வாசலில் ‘ஞாயிறு மட்டும் வண்டி நிறுத்தக் கூடாது’ என்று போர்டு இருந்தால் மற்ற நாளில் நிறுத்தலாம் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டுமா? அதுதான். சோதனைப் பொருள் வேண்டுமென்றால் புட்டிங் பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள், புட்டிங்கின் ப்ரூஃப் சாப்பிடுவதில் இருக்கிறது என்பது. அங்கே நிரூபணம் என்று வைத்தால் பொருளே வராது, சோதனை என்று வைத்தால் சரியாக உட்காரும்.

பின்பெஞ்ச் (ஈரோடு):
சரிங்க சார், ஆனால் நம் ஊரில் அந்த போர்டு இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிற்கும்.

நூல்வண்டி (திருப்பூர்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், ஏஏடிசிசி முறைதான், துவைக்காத துணி. ஐஎஸ்ஓவில் மூன்று முறை துவைத்த பிறகு எடுக்கச் சொல்லி மறுபடி லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். முதலாளியிடம் போல்ட்டு கதையைச் சொன்னதும், நம்பர் கேட்பான் என்றதும், பெட்டியில் ஷவர்ப்ரூஃபே இருக்கட்டும் என்றுவிட்டார். இன்னொன்று, அந்த மெயிலில் ‘எவிடன்ஸஸ்’ என்று பன்மையில் எழுதலாமுங்களா? ஃபோட்டோ, ரிப்போர்ட், செக்கிங் டேபிள் வீடியோ என்று மூன்று ஃபைல் இருக்கிறது.

லேப் அக்கா (கோவை):
எவிடன்ஸுக்கு இந்த இடத்தில் பன்மை வேண்டாம், எத்தனை ஃபைல் இருந்தாலும் எவிடன்ஸ்தான். அந்தச் சொல்லே வேண்டாமே, என்ன தப்பு நடந்தது என்று பையர் பயந்துவிடுவார். ‘டெஸ்ட் ரிப்போர்ட், இன்ஸ்பெக்‌ஷன் ஃபோட்டோஸ்’ என்று பேர் சொல்லி அனுப்புங்க. செக்கிங் என்று நாம் சொல்வதை அவர்கள் இன்ஸ்பெக்‌ஷன் என்றால்தான் புரிந்துகொள்வார்கள்.