சாவினியான் பிளாங்க்: எவ்வளவு குளிரில் ஊற்றுவது, எப்படிச் சுவைப்பது?

புதுக்கோப்பை:
வணக்கம் நண்பர்களே. வருகிற சனிக்கிழமை ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள், அவர்களுக்காக நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சாவினியான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரே ரகத் திராட்சையில் செய்தது. ஒரு பாட்டிலைத் திறந்து ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிக் குடித்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கிறது, எல்லோரும் சொல்கிற எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் வாசனை வரவே மாட்டேன் என்கிறது. இன்னொரு பாட்டிலின் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? எந்தக் கிளாஸில் எவ்வளவு ஊற்றுவது, கூட என்ன வைப்பது என்றும் சொல்லுங்கள்.

கொடிமுந்திரி:
ஒயினில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, குளிர்தான் அதிகம். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தக் குளிரில் வாசனை மேலே எழும்பாது, புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பரிமாறுவதற்கு 15, 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள், 8 முதல் 10 டிகிரிக்குள் வந்துவிடும். கிளாஸைச் சுழற்றாமல் ஒரு தரம் முகருங்கள், அப்புறம் சுழற்றிவிட்டு முகருங்கள். இந்த ரகத்தில் வாசனை இரண்டு பக்கமிருந்து வருகிறது: குடைமிளகாய், வெட்டிய புல் மாதிரியான பச்சை வாசனை திராட்சையிலேயே இருக்கும் மெத்தாக்ஸிபைரசீன் என்ற பொருளால், கிரேப்ஃப்ரூட், பேஷன் ஃப்ரூட் வாசனை தயோல் என்ற கந்தகச் சேர்மங்களால். தயோல் பழச்சாற்றில் வாசனையில்லாமல் கட்டுண்டு கிடக்கும், நொதிக்கும்போது ஈஸ்ட்தான் அதை விடுவிக்கிறது, எனக்கு இந்த ரகத்தில் பிடித்த விஷயமே அதுதான். பிறகு ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கின் ஓரங்கள் வரை பரவவிடுங்கள். விழுங்கிய பிறகும் எச்சில் ஊறி, பழத்தோலின் மணம் கொஞ்ச நேரம் தங்கினால் நல்ல ஒயின். வெறும் புளிப்பு மட்டும் மிஞ்சினால் சுமார்தான்.

அடிமண்டி:
அந்தத் தூள் பொட்டாசியம் பைடார்ட்ரேட். திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாகப் படியும். குடித்தாலும் ஒன்றும் ஆகாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் ஊற்றி, கடைசிச் சொட்டை விட்டுவிடுங்கள்.

மேசையில் வைக்கும் வாளியில் ஐஸை மட்டும் கொட்டாதீர்கள், பாதிக்குப் பாதி தண்ணீரும் ஊற்றினால்தான் பாட்டிலைச் சுற்றிலும் குளிர் ஒட்டும். கிளாஸுக்குள் ஐஸ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், நீர்த்துப்போய்விடும்.

சான்சேர்_பிரியை:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து: 10 வரை காத்திருக்காமல் 8லேயே ஊற்றிவிடுங்கள், பேசிக்கொண்டே குடிப்பதற்குள் கிளாஸில் அது தானாக ஏறிவிடும், ஒவ்வொரு வாய்க்கும் வாசனை மாறுவதையும் கவனிக்கலாம். தண்டுள்ள, வாய் சற்றுக் குறுகிய கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் சரியாக ஆறு கிளாஸ் வரும்.

சாப்பாட்டுக்கு ஒரே விதி, தட்டில் இருப்பதைவிட ஒயினில் புளிப்பு குறைந்துவிடக் கூடாது. குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். எலுமிச்சை பிழிந்த மீன், சிப்பி, மூலிகை தூவிய சாலட் எல்லாம் நன்றாகச் சேரும், ஆட்டுப்பால் சீஸ் இன்னும் பிரமாதம். பிரான்ஸில் லுவார் பள்ளத்தாக்கில் இதே திராட்சையில் செய்யும் சான்சேர் வெள்ளை ஒயினும் பக்கத்து ஷவின்யோல் கிராமத்து ஆட்டுப்பால் சீஸும் பிரிக்க முடியாத ஜோடி. இனிப்புப் பலகாரத்தோடு மட்டும் தராதீர்கள், ஒயின் கசந்துபோகும்.

கொடிமுந்திரி:
8 என்பதை ஒப்புக்கொள்கிறேன், அறை வெக்கையாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி.

லேபிள்படிப்பவன்:
'ஒரே ரகம்' பற்றி ஒரு வார்த்தை. நியூசிலாந்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் லேபிளில் ஒரு ரகத்தின் பெயர் மட்டும் போட 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால் போதும், அமெரிக்காவில் பொதுவாக 75. முழுக்க ஒரே ரகம்தானா என்று பார்க்க 100 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சான்சேரில் வழக்கமாக ரகத்தின் பெயரையே போட மாட்டார்கள், வெள்ளை என்றால் சாவினியான் பிளாங்க்தான்.

புதுக்கோப்பை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வெளியே எடுத்து வைத்துக் குடித்தேன், கிரேப்ஃப்ரூட் தோல் வாசனை இப்போது தெளிவாக வருகிறது. திறந்த பாட்டில் சனிக்கிழமை வரை தாங்குமா?

அடிமண்டி:
நன்றாக மூடி ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும், ஆனால் வாசனைதான் முதலில் போகும். விருந்தினருக்குப் புதிதாகத் திறங்கள், இதை நீங்கள் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.