புள்ளி விழுந்தது, மாடி தெரியவில்லை

அவசர அழைப்பு மையத்தில் பழைய கருவிகளை மாற்றியபோது உள்ளே இருந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் அழைப்பு எடுக்கிற நாற்காலியில் இருந்தவன்.

முன்பெல்லாம் செல்போனில் யாராவது கூப்பிட்டால், டவரை வைத்து ஒரு வட்டம்தான் வரும். சில சமயம் ஒரு பேட்டையே அதற்குள் அடங்கிவிடும். "பக்கத்தில் என்ன போர்டு தெரிகிறது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இடத்தைப் பிடிப்போம். புது அமைப்பில் ஏஎம்எல் (Advanced Mobile Location) என்ற வசதி வந்தது. அவசர எண்ணை அழுத்தியதும் போனே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் தட்டியெழுப்பி, தான் இருக்கிற இடத்தை அனுப்பிவிடும். பிரிட்டனில் 2014-லேயே தொடங்கிய விஷயம். ஐபோனுக்கு 2018-ல் வந்தது. எங்களுக்கு அதற்கும் பிறகுதான். முதல் நாள் வரைபடத்தில் புள்ளி சட்டென்று விழுந்ததும், ஷிஃப்டில் இருந்த எல்லோரும் என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம் அதே புள்ளி என் காலை வாரியது. அப்பா விழுந்துவிட்டார் என்று ஒரு பெண் அழுகிறார். புள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. சரி, இடம் கிடைத்துவிட்டது என்று முகவரியே கேட்காமல் வண்டியை அனுப்பினேன். வாசலில் போய் நின்று வயர்லெஸ்ஸில் கேட்கிறார்கள்: "எந்த மாடி?" அதற்குள் லைன் கட். திரும்பக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. ஒவ்வொரு தளமாகக் கதவைத் தட்டித்தான் கண்டுபிடித்தார்கள். இடுப்பெலும்பு முறிவோடு போயிற்று, பிழைத்துக்கொண்டார். நெஞ்சுவலியாக இருந்திருந்தால்?

இப்போது புள்ளி விழுந்தாலும் விழாவிட்டாலும் என் முதல் கேள்வி "எங்கே இருக்கிறீர்கள், எந்த மாடி?" என்பதுதான்.

அப்புறம் பயிற்சி. பழைய அழைப்புகளின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில், "மூச்சு விடுகிறாரா?" என்று கேட்கிறது எங்கள் பக்கத்துக் குரல். "விடுகிறார், குறட்டை மாதிரி" என்று பதில். பயிற்சியாளர் பதிவை நிறுத்திவிட்டு, "இது மூச்சில்லை" என்றார். இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படி இழுக்குமாம். "ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் 'இப்போ' என்று சொல்லுங்கள்" எனக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டு 'இப்போ'வுக்கு நடுவே இடைவெளி நீண்டால், உடனே மார்பை அழுத்தச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். நாமும் போனில் கூடவே எண்ண வேண்டும். அந்தப் பதிவில் இருந்த குரல் எங்கள் சீனியருடையது. அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் அவர்தான் முதல் ஆளாக எண்ணிப் பழகினார்.

* * *

அண்ணா, நான் வேறொரு மையத்தில் வயரிங் பக்கம் இருந்தேன். பழைய மேஜையில் வயர்லெஸ் பேசக் காலடியில் ஒரு பெடல் இருக்கும். புதியதில் அதை எடுத்துவிட்டு மவுஸால் அழுத்தச் சொன்னார்கள். கை இரண்டும் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கையால் அழுத்துவது? ஒரு மாதம் வரை பழைய ஆட்கள் வெறும் தரையையே மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாங்குவதற்கு முன் ஒரு ராத்திரி ஷிஃப்டில் வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் புரிந்திருக்கும். கடைசியில் பெடலைத் தனியாக வாங்கி மாட்டினோம்.

இன்னொரு கூத்து. மின்தடை ஒத்திகை வைத்தோம். ஜெனரேட்டர் ஓடுவதற்குள் யுபிஎஸ் தாங்கியது, ஸ்கிரீன் எல்லாம் எரிந்தது, ஆனால் ஒரு அழைப்பும் உள்ளே வரவில்லை. கருவிகளையெல்லாம் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சை யுபிஎஸ்ஸில் மாட்ட மறந்திருக்கிறோம்! ஒத்திகை என்பதால் தப்பித்தோம். அன்றைக்கே, முன்பு அழைப்பு விவரத்தைக் கையால் எழுதி வந்த, குப்பைக்குப் போகவிருந்த காகித அட்டைகளைத் திரும்ப எடுத்து மேஜைக்கு ஒரு கட்டு வைத்தோம்.

* * *

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் பேசுகிறேன். எங்களுக்கு டேப்லட் கொடுத்தார்கள்; அழைப்பு எடுப்பவர் அடிப்பதெல்லாம் அதில் ஓடும். முகவரியை இரண்டு தடவை கேட்கிற வேலை மிச்சம், அது நிஜமாகவே பெரிய உதவி. ஆனால் ஓட்டிக்கொண்டே எப்படிப் படிப்பது? ஒருநாள் "வாசலில் நாய், கட்டவில்லை" என்று வந்திருந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன், கணுக்காலில் கட்டோடு. அந்த மாதிரி விஷயத்தை மட்டும் வாயால் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறோம்.