மதுரைச் சீமையை ஆண்ட பெண்கள்: பள்ளிக் கண்காட்சிக்கு 6 பலகை, தகவல் சரிபார்க்க உதவி வேண்டும்

வைகைக்கரை டீச்சர்

வணக்கம். 8, 9 ஆம் வகுப்புப் பிள்ளைகள் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஆட்சி செய்த பெண்களைப் பற்றி ஆறு பலகை செய்கிறார்கள். முதல் வரைவில் இருப்பவர்கள்: மங்கையர்க்கரசி, ராணி மங்கம்மாள், ராணி மீனாட்சி, வேலுநாச்சியார், குயிலி. ஆறாவது பெயர் இன்னும் முடிவாகவில்லை.

இடிக்கிற இடங்கள் நான்கு. மங்கம்மாள் ஆட்சி முடிந்த ஆண்டு ஒரு நூலில் 1704, இன்னொன்றில் 1706. இடது கையால் வெற்றிலை போட்ட கதையைப் பலகையில் போடலாமா? ஆற்காட்டுப் படையோடு வந்த சந்தா சாகிப், ராணி மீனாட்சிக்குக் குர்ஆன் என்று சொல்லிச் செங்கல்லின் மேல் சத்தியம் செய்தார் என்பதைப் போடலாமா? குயிலியை எப்படி எழுதுவது? பிள்ளைகளை ஒரே நாளில் நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட எந்தெந்த இடம் என்பதையும் சொன்னால் நல்லது.

ஓலைநறுக்கு

டீச்சர், முதலில் எல்லாருக்கும் "அரசி" என்று ஒரே பட்டம் போடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் எந்த உரிமையில் உட்கார்ந்தார் என்பதுதான் பலகையில் முதல் வரியாக வரவேண்டும். மங்கம்மாள் பட்டம் கட்டிக்கொண்டவர் இல்லை. அவர் சொக்கநாத நாயக்கரின் மனைவி. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689இல் அம்மை கண்டு இறந்தார். மருமகள் சின்னமுத்தம்மாள் பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனார். அந்தக் கைக்குழந்தை விஜயரங்க சொக்கநாதருக்குத்தான் பட்டம். பாட்டி காப்பாட்சி செய்தார். ஆகவே "காப்பாட்சியர், 1689 முதல்" என்று எழுதுங்கள். 1704, 1706 என்ற குழப்பம் ஆட்சி பேரன் கைக்குப் போன நேரத்தைப் பற்றியது. "1706 வரை (சில நூல்களில் 1704)" என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும். ஒன்றை மட்டும் போட்டால் கேள்வி கேட்கிற பெற்றோர் யாராவது வருவார்கள், பிள்ளைகள் திணறுவார்கள்.

அவருடைய அரசியலை "சாலை போட்டார், மரம் நட்டார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். டெல்லிப் படை தெற்கே இறங்கியபோது சண்டைக்குப் போகாமல் கப்பம் கட்டி, அந்தப் பலத்தை வைத்தே பறிபோன ஊர்களை மீட்டார். 1697இல் தளவாய் (படைத்தலைவர்) நரசப்பய்யாவைத் திருவிதாங்கூருக்கு அனுப்பிப் பாக்கித் திறையை வசூலித்தார். மைசூர் சிக்கதேவராயர் காவிரியை மறித்து அணை கட்டியபோது, அதுவரை பகையாக இருந்த தஞ்சாவூர் ஷாஜியோடு சேர்ந்து படை திரட்டினார். படை புறப்படும் முன்பே வெள்ளம் அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தோல்வியையும் எழுதுங்கள்: 1702இல் ராமநாதபுரத்தை (சேதுச்சீமையை) ஆண்ட கிழவன் சேதுபதி மேல் படை அனுப்பினார். மதுரைப் படை தோற்றது, நரசப்பய்யா மாண்டார். சேதுச்சீமை மதுரையின் பிடியிலிருந்து நழுவியதற்கு அது பெரிய காரணம். வெற்றி மட்டும் இருக்கிற பலகையைப் பிள்ளைகளே நம்புவதில்லை.

வெற்றிலைக் கதையைப் போடலாம். "மக்கள் சொல்லும் கதை" என்று தனி நிறக் கட்டத்தில் போடுங்கள். இடது கையால் வெற்றிலை எடுத்து வாயில் போட்ட தோஷத்துக்குப் பரிகாரமாகச் சாலையும் சத்திரமும் கட்டினார் என்பது கதை. தென்சீமைப் பாதைகளை ஒழுங்குபடுத்தி நிழல்மரம் வைத்ததும், சத்திரமும் வரலாறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால்தான் தப்பாகிறது. கடைசிக் காலத்தில் அவரை அறையில் அடைத்து, கண்ணெதிரே சோற்றை வைத்துக் கைக்கு எட்டாமல் பட்டினி போட்டார்கள் என்பதும் அதே கட்டத்துக்குத்தான் போகவேண்டும்.

படம் வரைகிற பிள்ளைகளிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மங்கம்மாளைத் திருமலை நாயக்கர் மகாலில் உட்காரவைக்க வேண்டாம். சொக்கநாதர் காலத்திலேயே தலைநகர் திருச்சிக்குப் போய்விட்டது. மலைக்கோட்டையடியில் இப்போது அரசு அருங்காட்சியகம் இருக்கிற கொலுமண்டபம்தான் "மங்கம்மாள் மகால்". மதுரையில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை தமுக்கம் அரண்மனையும் (1959 முதல் காந்தி அருங்காட்சியகம்), ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரமும்.

நேரில் பார்க்க மிக முக்கியமான இடம் மீனாட்சியம்மன் கோயில். பொற்றாமரைக் குளத்தின் மேல்கரையில் ஊஞ்சல் மண்டபம், அதன் விதானத்தில் திருக்கல்யாண ஓவியம். விஷ்ணு தங்கையைத் தாரைவார்க்கிற காட்சியைக் கண்டுபிடியுங்கள். கல்யாணக் கூட்டத்தோடு மங்கம்மாளும் பேரன் விஜயரங்கனும் இருப்பார்கள். தலைக்கு மேலே இருப்பதால் ஆயிரம் பேர் அதன் கீழே நடந்துபோகிறார்கள், அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, ஆகவே பென்சிலும் தாளும் கொடுத்துவிடுங்கள். நடை 12.30க்குச் சாத்துவதற்குள் அரைமணி நேரமாவது வரைய வேண்டும். காலை 9 மணிக்கு உள்ளே போய்விட்டால் தோதாக இருக்கும்.

இன்னொன்றும் மதுரைக்காரர்களுக்கு நெருக்கமானது. சௌராஷ்டிரர்கள் ஆவணி அவிட்டச் சடங்கு செய்ததற்காக 18 பேரைப் பிடித்தார்கள். வழக்கு மங்கம்மாளிடம் போனது. அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஓலை கொடுத்தார். சாலையைவிட இந்த ஒரு தீர்ப்பு அவரை நன்றாகக் காட்டும்.

சிவகங்கைச்சீமை

வேலுநாச்சியார் பலகைக்குத் தேதிகள்: பிறப்பு 1730, ராமநாதபுரம், செல்லமுத்து சேதுபதியின் மகள். திருமணம் 1746, பின்னாளில் சிவகங்கையை ஆண்ட முத்துவடுகநாதருடன். ஆற்காட்டு நவாபின் படையோடும் கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையோடும் நடந்த காளையார்கோயில் சண்டையில் முத்துவடுகநாதர் இறந்தது 25.6.1772. சிவகங்கையை மீட்டது 1780. இறப்பு 25.12.1796. அஞ்சல்தலை வந்தது 2008.

பிள்ளைகள் பொதுவாக 1772இலிருந்து 1780க்கு ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். அந்த எட்டு வருஷம்தான் விஷயமே. மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனார், பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆதரவு கொடுத்தார். தளவாய் தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரிலேயே மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டார். ஆனால் பிள்ளை அடுத்த ஆண்டே இறந்துபோனார். பேச்சை நடத்தவும் ஆள் சேர்க்கவும் வேண்டிய பாரம் நாச்சியார் மேலும் மருது சகோதரர்கள் மேலும் விழுந்தது. 1780இல் ஹைதர் ஆங்கிலேயரோடு பெரிய போரில் இறங்கியிருந்தார். நவாபின் படையும் கும்பினிப் படையும் வடக்கே இழுபட்ட நேரம் பார்த்துத்தான் சிவகங்கைக்குப் படை கிளம்பியது. இந்த நேரக்கணக்கைச் சொல்லாவிட்டால் கதை வெறும் வீரமாகிவிடும், அவருடைய மதியூகம் தெரியாமல் போகும்.

"இந்தியாவின் முதல்" என்று எழுதுவதானால் முழுசாக எழுதுங்கள்: ஆங்கிலேயருக்கு எதிராகப் படை நடத்தி நாட்டை மீட்ட ராணி. உள்ளால் அப்பக்கா அதற்கும் முன்னால், ஆனால் எதிரி போர்ச்சுகீசியர். கித்தூர் சென்னம்மா 1824, ஜான்சி 1857. கீழே ஒரு கோடு கிழித்து 1780, 1824, 1857 என்று மூன்று புள்ளி வைத்தால் பேச்சே தேவையில்லை.

நாச்சியார் படையில் இருந்ததாகச் சொல்லப்படும் குயிலியை விடவே கூடாது. ஆனால் ஆவணத்தோடு கலக்கவும் கூடாது. நவராத்திரி நேரம் பெண்களோடு பெண்களாக அரண்மனை ராஜராஜேஸ்வரி கோயிலுக்குள் நுழைந்து, தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தார் என்பது சிவகங்கைச் சீமையின் வாய்மொழி வழக்கு. அரசு நினைவுச்சின்னமும் எழுப்பியிருக்கிறது. "வாய்மொழி வரலாறு" என்று தலைப்பிலேயே எழுதி, கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் உடையாளையும் அதே பலகையில் வையுங்கள். நாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட பெண் அவர். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் பங்கு கண்ணில் படும்.

ஆறாவது பெயர் கேட்டீர்கள். காத்தம நாச்சியார். கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். மருது சகோதரர்களுக்குப் பிறகு ஆங்கிலேயர் சிவகங்கையை ஜமீனாக்கி கௌரி வல்லபருக்குக் கொடுத்தார்கள். 1829இல் அவர் ஆண்வாரிசு இல்லாமல் இறந்ததும், "இது கூட்டுக்குடும்பச் சொத்து" என்று அண்ணன் வழி ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் கோர்ட் கோர்ட்டாக ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) வரை போய் 1863இல் வென்றார். தீர்ப்பின் சாரம் இதுதான்: குடும்பம் பிரியாமல் இருந்தாலும், ஒருவர் தானாக அடைந்த சொத்து தாயாதிக்கு (பங்காளிக்கு) போகாது, மகன் இல்லாவிட்டால் மனைவிக்கு, அவருக்குப் பின் மகளுக்கு. இந்துச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். வாள் எடுக்காமல் சீமையை மீட்டவர் என்றால் இவர்தான்.

ராமநாதபுரத்து ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் செய்துகொண்ட தத்தும் இதே மாதிரி லண்டன் வரை போனது. கணவர் அனுமதி கொடுத்து வைக்காவிட்டாலும் தாயாதிகள் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்று 1868இல் தீர்ப்பானது. எதிர்த்தரப்பு மதுரை கலெக்டர்! இடம் இருந்தால் அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

சகாப்தக் கணக்கு

மேலே இருவரும் ஆண்டுகளைச் சொல்லிவிட்டார்கள். சரிபார்க்கிற முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், அதுவே ஒரு மூலையில் செயல்பாடாக இருக்கும்.

செப்பேட்டில் "சாலிவாகன சகாப்தம் 1694 இதன்மேல் செல்லாநின்ற நந்தன வருஷம் ஆனி மாதம்" என்கிற வாய்பாட்டில்தான் தேதி வரும். சகாப்த எண்ணோடு 78 கூட்டுங்கள்: 1772. தை, மாசி, பங்குனி என்றால் 79 கூட்ட வேண்டும், ஏனென்றால் ஆங்கில ஆண்டு அதற்குள் மாறிவிடும்; மார்கழிக் கடைசி நாட்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிறகு வருஷப் பெயரை ஒத்துப் பாருங்கள். 60 ஆண்டுச் சுற்று என்பதால் 60இன் மடங்கைக் கூட்டி நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் காலண்டரே சொல்லிவிடும். 1772 + 240 = 2012, நந்தன. சரி. 1689 + 300 = 1989, சுக்கில. 1780 + 240 = 2020, சார்வரி. எண்ணும் பெயரும் ஒத்துவராவிட்டால் படித்தவர் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கலாம், அல்லது ஏடே பின்னால் எழுதிய போலியாக இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்து ஆவணத்தில் கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்டுங்கள்; ஆவணி முதல் டிசம்பர் முடியும் வரை 824.

வைகைக்கரை டீச்சர்

மிக்க நன்றி. காத்தம நாச்சியாரைச் சேர்த்துவிட்டோம். ராணி மீனாட்சியையும் மங்கையர்க்கரசியையும் பற்றி யாரும் சொல்லவில்லையே? அச்சடிக்கிற விஷயத்திலும் யோசனை வேண்டும். போன முறை ஒரு கடையில் கொடுத்தபோது கொம்பெல்லாம் இடம் மாறி வந்தது.

ஓலைநறுக்கு

மீனாட்சி: விஜயரங்கர் 1732இல் வாரிசில்லாமல் இறந்ததும் அவர் மனைவி ஆட்சியை எடுத்தார். தாயாதி பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தும் பங்காரு விடவில்லை. ஆற்காட்டுப் படை வந்தது. இரு தரப்பும் அந்தப் படையையே விலைபேசியதுதான் கேடு. பங்காரு நவாபின் மகன் சப்தர் அலிக்கு 30 லட்சம் பேச, மீனாட்சி நவாபின் மருமகன் சந்தா சாகிப்புக்கு ஒரு கோடி பேசினார். பங்காரு அம்மையநாயக்கனூரில் (நம்ம கொடைரோடு) தோற்று ஓடிய பிறகு, சந்தா சாகிப் திருச்சிக் கோட்டையைத் தனதாக்கிக்கொண்டு ராணியையே சிறைவைத்தார். அவர் நஞ்சுண்டு இறந்தார், நாயக்கர் ஆட்சி அதோடு போயிற்று. செங்கல் சத்தியம் "கதை" கட்டத்துக்கு. வாக்கு மீறியது வரலாறு.

மங்கையர்க்கரசி ஏழாம் நூற்றாண்டு, நின்றசீர் நெடுமாறனின் தேவி, சோழர் மகள், 63 நாயன்மாரில் ஒருவர். சமணத்தில் இருந்த பாண்டியனைச் சைவத்துக்குத் திருப்பச் சம்பந்தரை மதுரைக்கு அழைத்தவர். சம்பந்தர் பதிகத்திலேயே அவர் பெயர் வருவதால் சமகாலச் சான்று கையில் இருக்கிறது. அவர் ஆண்டவர் இல்லை, அரசின் போக்கை மாற்றியவர். அப்படியே எழுதுங்கள்.

பாண்டிய நாட்டைப் பெண் ஆண்டாள் என்ற செய்தி அவருக்கும் முந்தியது. ஹெராக்ளிஸ் தன் மகள் பண்டையாவுக்குத் தென்கோடி நாட்டையும் 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் படையையும் கொடுத்ததாக கிரேக்கர் எழுதிவைத்தார்கள். 365 ஊர், நாளுக்கு ஓர் ஊர் திறை செலுத்தும். தடாதகைப் பிராட்டி (மீனாட்சியம்மன்) கதையோடு இதை ஒட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். முன்னுரைப் பலகையில் ஒரு வரியாக வையுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அச்சு: யூனிகோடில் தட்டச்சு செய்ததைக் கடைக்காரர் பழைய மென்பொருளில் ஒட்டும்போதுதான் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும். நீங்களே பக்கத்தை வடிவமைத்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். "வேலுநாச்சியார்", "கௌரி", "கொல்லங்குடி" மூன்றையும் முதல் பிரதியில் பார்த்தால் போதும், பழுது இருந்தால் இந்த மூன்றில் ஒன்றில் தெரிந்துவிடும். 3 அடிக்கு 2 அடி, 5 மி.மீ. சன்போர்டு, மேட் லேமினேஷன். பளபளப்பானதில் ட்யூப்லைட் விழுந்து பாதி எழுத்து தெரியாது. ஒரு பலகைக்கு 100 சொல்லுக்கு மேல் வேண்டாம், எழுத்து 36 புள்ளி. பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலேகால் அடியில் வரட்டும், பார்க்கப்போவது பிள்ளைகள்தானே.

சிவகங்கைச்சீமை

பயணத்துக்கு: ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். காலை கோயில், சத்திரம், தமுக்கம் முடித்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிவகங்கைக்குக் கிளம்பினால் சுமார் 50 கி.மீ. அரண்மனை வாசலையும் சூரக்குளம் சாலையில் உள்ள வேலுநாச்சியார் மணிமண்டபத்தையும் மட்டும் பார்க்க நேரம் இருக்கும். காளையார்கோயிலை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.